கற்றாழைக்குள் ஒரு புறா முட்டை

அந்தக் காலத்தில் கற்றாழை என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மரகதப்புறாவோ வீட்டுக்கு வீடு இருந்தது. மாற்றிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன். செடிக்கும் பறவைக்கும் வாய் இருந்த காலம் அது. மனிதர்களுக்குக் காது இருந்ததா என்பதுதான் சந்தேகம்.

அந்த ஒற்றைக் கற்றாழை மலை மேலே ஒரு பாறை இடுக்கில் நின்றது. அதன் மடல்கள் இப்போது இருப்பதுபோல் சதைப்பற்றாக இல்லை. உள்ளே வெறும் நார். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாததால் அது காற்றோடு வழக்காடும். "நேத்து தெக்கேயிருந்து வந்தே, இன்னைக்கு வடக்கேயிருந்து வாறே. உனக்குன்னு ஒரு நிலை கிடையாதா?" என்று கேட்கும். காற்று பதில் சொல்லாமல் போய்விடும். அதைத் தன் வெற்றியாகக் கற்றாழை எடுத்துக்கொள்ளும்.

மலையடிவாரத்தில் மூங்கிலடி என்றொரு சிற்றூர். அங்கே எந்த வீட்டு வாசலைப் பார்த்தாலும் நிலைக்கு மேலே, கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மரகதப்புறா உட்கார்ந்திருக்கும். பச்சைச் சிறகு, சிவந்த அலகு. இன்றைக்கு அதைக் கண்டால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அன்று அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது கட்டும் கூடும் பார்க்கும்படி இருக்காது. நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் அதுதான் கூடு. கீழே நின்று பார்த்தால் இரண்டு முட்டையும் தெரியும்.

அந்த ஊரில் ஆவுடை என்ற பெண் முதல் பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். வாசலில் உட்கார்ந்து தினை புடைத்தபடி தன் வீட்டுப் புறாவிடம் பேசிக்கொண்டிருப்பாள்.

"ஏ புறாக்கா, உனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. யாருக்கு முதல்ல வருதுன்னு பாப்போமா?"

"ஊம்" என்றது புறா.

"எனக்குத்தான் முதல்ல."

"ஊம்."

"இல்ல, உனக்குத்தான்."

"ஊம்."

"உங்கிட்டப் போயி பந்தயம் கட்டுறேன் பாரு" என்று ஆவுடை முறத்தைத் தட்டினாள்.

புறாவுக்குப் பேசத் தெரியாது என்றில்லை. நன்றாகப் பேசும். ஆனால் யார் எதைக் கேட்டாலும் முதலில் "ஊம்" என்று சொல்லிவிடும். அது சோம்பல் என்று ஊரார் நினைத்தார்கள். உண்மையில் அதுதான் அதன் வேலை.

ஏனென்றால் அந்தக் காலத்தில் நோவு நடந்து வரும். ஒல்லியாக, நெட்டையாக, காலெல்லாம் புழுதியோடு, விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவுக்குள் வரும். இன்னும் பெயர் வைக்காத பச்சைப் பிள்ளைகளைத்தான் தேடும். ஆனால் எந்த வீட்டிலும் கேட்காமல் நுழையாது. அந்த நாகரிகமாவது அதற்கு இருந்தது. இதைவிட நல்ல இடத்தில் பிறந்தவர்களுக்கு அது இல்லாமல் போனதைப் பின்னால் பார்ப்போம்.

வாசலில் நின்று நோவு கேட்கும்: "உள்ள பச்சப்பிள்ளை இருக்கா?"

"ஊம்" என்னும் புறா.

"அப்ப உள்ள போகலாமா?"

"ஊம்."

"இல்ல, பிள்ளையே கிடையாதா?"

"ஊம்."

"இருக்குங்கிறியா, இல்லேங்கிறியா?"

"ஊம்."

நோவு தலையைச் சொறியும். இருக்கிற பிள்ளை எப்படி இல்லாமலும் இருக்கும்? தான் கேட்டது தப்போ, தன் காது தப்போ, வந்த ஊரே தப்போ என்று குழம்பிப்போய், வந்த வழியே திரும்பிவிடும். இப்படியே எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தன. யாருக்கும் தெரியாது. தினமும் நடக்கிற ஒன்று யார் கண்ணுக்குத்தான் தெரிந்திருக்கிறது?

ஒருநாள் செல்லி என்பவளின் பிள்ளை, பிறந்த சில நாளிலேயே செத்துப்போனது. ஊர் கூடி அழுதது. அழுது முடித்ததும் காரணம் தேடியது. காரணம் சொல்லச் சங்கிலி மூப்பன் எழுந்தார். அவர்தான் ஊருக்குத் தலைவர். ஆவுடையின் கணவன் இசக்கிக்குப் பெரியப்பா. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கும் கிடைக்காத பொருள் எதுவானாலும் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வார். மூன்று கொம்பு ஆட்டின் மண்டை, ஒட்டிப்பிறந்த மாங்கொட்டை, நடுவில் ஓட்டை விழுந்த கல். அந்த மாங்கொட்டை அவருக்காக இதுவரை என்ன செய்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

"வீட்டுக்கு வீடு புறா இருக்கு" என்றார் மூப்பன். "இருந்து என்ன புண்ணியம்? பிள்ளை போயிருச்சு. எங்கயும் கிடக்கிற பொருளுக்குச் சக்தி கிடையாது. அபூர்வமான ஒண்ணை வாசல்ல வச்சாத்தான் காவல்."

பின்னாலிருந்து ஆவுடையின் குரல் வந்தது. "பெரிய மாமா, செல்லிக்கா வீட்டுல புறாவே இல்லியே. கூரை மாத்துறப்போ கூட்டைப் பிச்சுப் போட்டாங்கல்லா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

"தெரியல மாமா. அதான் கேக்குறேன்."

"தெரியலைன்னா பேசாம இரு."

ஆவுடைக்கும் உறுதியாக ஒன்றும் தெரியாது. தெரியாத ஒருத்தி கேள்வி கேட்டாள், தெரியாத ஒருத்தர் பதில் சொன்னார். ஊர் எதை எடுத்துக்கொண்டது என்று சொல்லவே வேண்டாம்.

"மலை மேல ஒரே ஒரு செடி நிக்குதாம், அந்த மாதிரி உலகத்துலேயே வேற கிடையாதாம்" என்று யாரோ சொன்னார்கள். மூப்பனின் கண் மின்னியது. அடுத்து பிள்ளை பிறக்கப்போவது ஆவுடை வீட்டில்தான் என்பதால், இசக்கியைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினார்.

கற்றாழை வாழ்க்கையில் முதன்முதலாக மனிதர்களைப் பார்த்தது. பேசலாம் என்று மகிழ்ந்தது. இசக்கியோ வந்ததும் வேரில் கடப்பாரையை வைத்தான்.

"ஏய், ஏய்! யாரைக் கேட்டுப் பிடுங்குறே?"

"நீ அபூர்வம்லா" என்றார் மூப்பன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"இருந்துட்டுப் போறேன். அதுக்கு?"

"உனக்கு மரியாதை செய்யப்போறோம்."

"மரியாதைன்னா என்னை இங்கயே விட்டுட்டுப் போங்க. இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு வேண்டாம்."

"அதெப்படி? கொண்டுபோயித்தான் செய்ய முடியும்."

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சா அதை விட்டு வைக்கணும்னு தோணுமா, பிடுங்கணும்னு தோணுமா? நீங்களே சொல்லுங்க."

மூப்பன் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "ஏலே இசக்கி, பாத்துப் பிடுங்கு, வேர் அறுந்துரப்போகுது" என்றார். இழுத்த இழுப்பில் ஒரு மடல் பாறையில் உரசி நீளமாகக் கிழிந்தது.

ஆவுடை வீட்டு வாசற்படியில் செடியைக் கிடத்தினார்கள். அதைக் கட்டித் தொங்கவிடலாம் என்று கயிறு வந்தது. அப்போதுதான் பெரிய குழப்பம் முளைத்தது. இதற்கு எது மேல், எது கீழ்? இந்த மாதிரிச் செடியை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிடுங்கிவந்த இசக்கிக்கே சுமந்துவந்த களைப்பில் மறந்துவிட்டது.

"இந்தப் பக்கம் கூர்கூரா நீளமா இருக்கு, பெரியப்பா. இது காலா இருக்குமோ?"

"ஆமா. அந்தப் பக்கம் பாரு, பொசுபொசுன்னு முடி."

"அது வேரு" என்றது கற்றாழை.

"முடி இருக்கிற பக்கம்தானே தலை?" என்றார் மூப்பன்.

"பின்னே? காலுலயா முடி இருக்கும்?" என்றான் இசக்கி. கால் முடியைச் சொறிந்துகொண்டேதான் சொன்னான்.

"அது வேருன்னு சொல்றேன்! மடல் இருக்கிறதுதான் தலைப்பக்கம். என்னைத் தலைகீழாக் கட்டாதீங்க!"

மூப்பன் குனிந்து அன்பாகச் சொன்னார்: "உன்னை நீயே பாத்திருக்கியா? இல்லேல்லா? வெளியேயிருந்து பாக்குற எங்களுக்குத்தான் உன் தலை எதுன்னு சரியாத் தெரியும்."

அந்த வார்த்தையைக் கற்றாழை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டது. காற்றுகூட இப்படி ஒரு வாதத்தை வைத்ததில்லை.

கயிற்றை மாட்ட நிலைக்கு மேலே இடம் பார்த்தார்கள். இடம் இருந்தது. ஆனால் அதில் புறா இருந்தது.

"பெரிய மாமா, அது அடைகாக்குது" என்றாள் ஆவுடை. இடுப்பு வலி காலையிலேயே தொடங்கியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். "பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்களேன்."

"புறாதானேம்மா. ஊர் முழுக்கக் கிடக்கு."

"ஊர் முழுக்கக் கிடக்கிறதால இந்த முட்டைக்கு உசுரு இல்லேன்னு ஆயிருமா? இது என் வீடு மாமா, என் பிள்ளை. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வலி வந்த நேரத்துல வாசல்ல நின்னு வழக்குப் பேசாத. இசக்கி, எடுலே."

இசக்கி மனைவியைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். என்ன செய்வதென்று தெரியாதவன் செய்வதைத்தான் அவனும் செய்தான். யார் குரல் உரக்கக் கேட்டதோ அவர் சொன்னபடி கையை நீட்டினான். அந்தக் கூடு கையில் எடுக்கிற மாதிரியான கூடா? தொட்டதும் நாலு குச்சியும் நாலு பக்கம் சரிந்தன. இரண்டு முட்டையும் நேராகக் கீழே வந்து, வாசற்படியில் கிடந்த கற்றாழையின் மேல் விழுந்து உடைந்தன. வெள்ளையும் மஞ்சளும் வழிந்து, கிழிந்திருந்த மடலுக்குள் இறங்கின.

 புறா நிலையின் மேல் அப்படியே உட்கார்ந்து கீழே பார்த்தது. "ஊம்" என்றது. யாரும் எதுவும் கேட்காமலே அது "ஊம்" என்று சொன்னது அன்றுதான்.

ஆவுடையைப் பெண்கள் உள்ளே கூட்டிப்போனார்கள். கற்றாழையை வேர் மேலாக, மடல் கீழாகக் கட்டிவிட்டு ஆண்கள் போனார்கள். வாசலில் புறாவும் கற்றாழையும் மட்டும் இருந்தன.

"நான் எதுவும் செய்யல" என்றது கற்றாழை. "என் மேல விழுந்துச்சு. எனக்குள்ள போயிருச்சு. திருப்பித் தரவும் தெரியல."

"தெரியும்" என்றது புறா. "நான் போறேன். எங்க ஆளுக எல்லாரும் போறோம். எந்த வாசல்லயும் இனி இருக்க மாட்டோம். போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லணும். விளக்கு வைக்கிற நேரத்துல ஒருத்தன் வருவான். கேள்வி கேப்பான். என்ன கேட்டாலும் ஊம்னு சொல்லு. குழம்பித் திரும்பிருவான். சொல்லலேன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவான்."

"உன் கூட்டைக் கலைச்ச வீட்டுக்கு நீ எதுக்குக் காவல் சொல்லித்தாறே? எனக்குப் புரியல."

"கலைச்சது அந்தப் பிள்ளை இல்லியே. அது இன்னும் பிறக்கவே இல்ல."

"நான் யார் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசுறவ. ஊம்னு சொல்ல எனக்கு வாய் வராதே."

புறா தாழ்வாக, வேகமாக, மரங்களுக்கு நடுவே பறந்து போனது. அதன் பின்னால் வாசல் வாசலாக மற்றப் புறாக்களும் கிளம்பின.

பொழுது சாயும்போது ஆவுடைக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுதது. அந்த அழுகை தெருவுக்கே கேட்டது. தெருமுனையில் வந்துகொண்டிருந்த நோவுக்கும் கேட்டது. நேராக வந்து வாசலில் நின்றது.

உள்ளே ஆவுடை பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். வாசலில் புழுதிக் கால்கள் நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. 

"உள்ள பச்சப்பிள்ளை இருக்கா?"

கற்றாழை "ஊம்" சொல்லப் பார்த்தது. வாயில் வந்தது வேறு. "அதை விடு. நீ ஏன் தலைகீழா நிக்கிறே?"

"நானா?" நோவு திடுக்கிட்டது. "நீதான் தலைகீழாத் தொங்குறே."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஊரே கூடிப் பாத்து, நான் நேராத்தான் இருக்கேன்னு சொல்லிருச்சு. தலைவரே சொல்லிட்டாரு. மேல பாரு, முடி தெரியுதா?"

நோவு மேலே பார்த்தது. "தெரியுது."

"முடி இருக்கிற பக்கம்தானே தலை?"

"ஆமா."

"அப்ப நான் நேரா இருக்கேன். என் காலு பூமியைப் பாத்து இருக்கு. இப்ப என்னையும் உன்னையும் ஒப்பிட்டுப் பாரு. நான் தலைகீழா இருக்கேன்னு உன் கண்ணுக்குத் தெரியுதுன்னா, யார் தலைகீழா நிக்கிறா?"

நோவு தன் கால்களைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. "உன்னை நீயே பாக்க முடியாதுல்லா" என்றது கற்றாழை, மூப்பனின் குரலிலேயே. "வெளியேயிருந்து பாக்குற எனக்குத்தானே தெரியும்?"

நோவுக்குத் தலை சுற்றியது. இத்தனை காலமும் வானத்திலா நடந்துகொண்டிருந்தோம்? அதனால்தான் எந்த ஊர் வழியும் சரியாகப் பிடிபடவில்லையா? நேராக நின்று பார்ப்போம் என்று கையைத் தரையில் ஊன்றிக் காலை மேலே தூக்கியது. அப்படி நின்றதும் கற்றாழை மட்டும் நேராகத் தெரிந்தது, மற்றதெல்லாம் தலைகீழாகப் போனது. வாசல் எங்கே, தெரு எங்கே என்று தெரியாமல், கையாலேயே நடந்து, மோதி, விழுந்து, காட்டுப் பக்கமாகப் போய்விட்டது.

உள்ளே பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியது. ஆவுடை அப்போதுதான் அழுதாள்.

நாட்கள் போயின. பிள்ளைக்கு நாச்சியா என்று பெயர் விட்டார்கள். கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தொங்கியபடியே பச்சையாக இருந்தது. நாராக இருந்த மடல்கள் தடித்துக் குளிர்ந்தன. அது எப்படி என்று கற்றாழைக்கு மட்டும் தெரியும். தனக்குள் இறங்கியதை அது பத்திரமாக வைத்திருந்தது. திரும்பக் கொடுக்க வழி தெரியாததால் வைத்திருந்தது. யாரும் அதை எடுத்துத் தின்றுவிடக் கூடாதென்று மஞ்சளைக் கசப்பாக்கி முன்னால் நிறுத்தி, வெள்ளையை உள்ளே ஒளித்தது.

பெயர் விட்ட மறுநாள் மூப்பன் வந்தார். அவர் மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்லா? அபூர்வப் பொருளு! அவுத்துக் குடு, என் வீட்டுல கட்டணும்" என்றார். அதற்குள் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் தள்ளுமுள்ளு. எந்த வீட்டு நிலையிலும் புறா இல்லை என்பதை அப்போதுதான் ஊர் நிமிர்ந்து பார்த்தது.

"ஒரு நாள் பொறுங்க" என்றாள் ஆவுடை. எல்லோரும் போனபின் கயிற்றை அவிழ்த்துச் செடியைக் கையில் ஏந்தினாள்.

"என்னை எப்படிப் பிடிக்கணும்னு தெரியுமா?" என்று கேட்டது கற்றாழை.

"நீயே சொல்லு."

இவ்வளவு காலத்தில் அதனிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கற்றாழைக்கு எதிர்த்துப் பேச எதுவும் தோன்றவில்லை. "வேர் கீழ" என்றது மெதுவாக. "கழுநீர் ஊத்துற இடத்துல வை, போதும். ஆவுடை, நான் ஒத்தையா இருந்ததாலதான் என்னைப் பிடுங்குனாங்க. புறா நிறைய இருந்ததாலதான் அதை விரட்டுனாங்க. இதுல எது நியாயம்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா ஒண்ணு, நான் இனிமே ஒத்தையா இருக்க மாட்டேன். மத்த வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கே."

ஆவுடை வேர் கீழாக நட்டுவைத்தாள். விடிந்து பார்த்தால் தாய்ச்செடியைச் சுற்றிலும் கன்று கன்றாக முளைத்திருந்தது. ஆவுடை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கன்றாகக் கொடுத்தாள். "வேருதான் கீழ" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய், முடி இருக்கிற பக்கத்தை மேலே வைத்துக் கட்டினார்கள். பேசிப் பயனில்லை என்று கற்றாழை அன்றோடு வாயை மூடிக்கொண்டது.

மூப்பனும் ஒன்று வாங்கிக் கட்டினார். தலைகீழாகத் தொங்கும் செடியைக் கண்டதுமே நோவு தன் நிலைமேல் சந்தேகப்பட்டுத் திரும்பிவிட, மகளின் பிள்ளை பிழைத்தது. ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. "இப்ப எல்லார் வீட்டுலயும் இருக்கே" என்று இசக்கியிடம் குறைப்பட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏலே, அந்தப் பச்சைப்புறா ஒண்ணுகூடக் கண்ணுல படலியே. அபூர்வமாயிருச்சுல்லா?" என்றார். அவர் கண் மறுபடியும் மின்னியது.

இசக்கி முதன்முறையாகப் பெரியப்பாவுக்குப் பதில் சொன்னான்: "அதையாவது விடுங்க."

அவர் விடவில்லை. புறாவைத் தேடிக் காட்டுக்குள் போனார். அது புதருக்குள் சருகோடு சருகாக நடந்து போய்விட்டது. எங்கோ இருந்து "ஊம்" என்று மட்டும் கேட்டது. இங்கே இருக்கிறாயா என்றாலும் ஊம், இல்லையா என்றாலும் ஊம். பொழுது சாயும்வரை அங்கேயும் இங்கேயும் ஓடிக் குழம்பி, வெறுங்கையோடு வந்தார்.

அந்த நாளிலிருந்துதான் மரகதப்புறா காட்டுக்குள் மறைந்து வாழ்கிறது. எப்போதாவது ஒன்று மரங்களிலிருந்து தாழ்வாகப் பாய்ந்து வந்து நம் வீட்டுச் சுவரில் மோதி விழும். வழி தெரியாத பறவை என்கிறோம். அது தன் பழைய வாசல் நிலையைத் தேடி வந்திருக்கும். கற்றாழையை இன்றும் வாசலில் தலைகீழாகத்தான் கட்டுகிறோம். அது சாவதில்லை, சண்டைக்கும் வருவதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு மடலை அறுத்துப் பாருங்கள். முதலில் கசந்து வழியும் மஞ்சள், அதற்குள்ளே குளிர்ந்த, வழவழப்பான வெள்ளை. கேட்க வருகிற புறாவிடம் கொடுப்பதற்காக அது இன்னும் வைத்திருக்கிறது.